காதால் பார்க்கும் ஆகாயக் கண்காட்சி

பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளில் ஆகாயக் கண்காட்சிக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கூட்டம் முழுவதும் அண்ணாந்து வானத்தைத் தேடிக்கொண்டிருக்கும். ஒரு சிலர் மட்டும் விமானம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கேமராவைச் சரியான திசைக்குத் திருப்பிவிடுவார்கள். அவர்கள் காதில் இயர்ஃபோன் இருக்கும். இடுப்பில் வாக்கிடாக்கி போன்ற சிறு கருவி தொங்கும். அதன் பெயர் ஸ்கேனர்.

அலுவலகத்தில் காகிதத்தைப் படமெடுக்கும் ஸ்கேனர் அல்ல இது. வானொலி அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவி, எதில் யாராவது பேசுகிறார்களோ அதில் நின்று நமக்குக் கேட்கவைக்கும் வானொலிப் பெட்டி. இதால் பேச முடியாது. கேட்க மட்டுமே முடியும். கண்காட்சிக்கு வரும் மற்றவர்களுக்குக் கிடைப்பது இயந்திர இரைச்சலும் ஒலிபெருக்கி வருணனையும்தான். ஸ்கேனர் வைத்திருப்பவருக்கோ விமானி அறையிலிருந்து வரும் குரலே கிடைக்கிறது.

நம் வட்டாரத்திலும் இந்த ஆர்வம் பெருகிவருகிறது. சாங்கியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சிங்கப்பூர் ஆகாயக் கண்காட்சி. லங்காவியில் 1991 முதல் லீமா. நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவோடு வரும் இளையர்கள் ஒவ்வொரு முறையும் கூடுகிறார்கள். ஸ்கேனர் ஒன்றை இணையத்தில் வாங்கலாமா என்று அவர்களில் சிலருக்காவது தோன்றியிருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் இக்கட்டுரையின் பிற்பகுதியில் இருக்கிறது. வாங்கும் பொத்தானை அழுத்துமுன் அதையும் படித்துவிடுங்கள்.

ஒலி 96.8க்குச் சற்று மேலே

வீட்டு வானொலியில் எஃப்எம் ஒலிபரப்பு 88 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 108இல் முடிகிறது. நாம் கேட்கும் ஒலி 96.8 கிட்டத்தட்ட அதன் நடுவில் இருக்கிறது. 108ஐத் தாண்டினால் அடுத்த வீடு விமானத்துறையுடையது. 108 முதல் 118 வரை விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகளின் சமிக்ஞைகள். 118 முதல் 137 வரை விமானிகளும் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் பேசிக்கொள்ளும் இடம். உலகம் முழுவதும் இதே பகுதிதான். ராணுவ விமானங்கள் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இன்னொரு பகுதியையும் பயன்படுத்துகின்றன. அவசர அழைப்புக்கென்று பொது விமானத்துறைக்கு 121.5, ராணுவத்துக்கு 243.

அடுத்த வீடுதான் என்றாலும் வீட்டு வானொலியால் அந்தப் பேச்சைக் கேட்க முடியாது. ஊசி 108க்கு மேல் போகாது என்பது ஒரு காரணம். விமானத்துறை எஃப்எம் முறையில் பேசுவதில்லை என்பது இன்னொரு காரணம். அது இன்றும் பழைய ஏஎம் முறையிலேயே பேசுகிறது. ஏஎம்மில் கரகரப்பு அதிகம், ஒலித்தரம் குறைவு. அப்படியிருந்தும் அதை ஏன் விடவில்லை?

எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சமிக்ஞை வலுக்குறைந்ததை முழுவதுமாக விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதே கேட்பவருக்குத் தெரியாது. ஏஎம்மில் அப்படி நடக்காது. இரண்டும் கலந்து, பெரும்பாலும் ஒரு கீச்சொலியாகக் கேட்கும். சொற்கள் புரியாவிட்டாலும் யாரோ குறுக்கே பேசியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். உடனே திருப்பிச் சொல்லச் சொல்லலாம்.

அந்தக் கீச்சொலி வரலாற்றில் ஒருமுறை மிகக் கொடிய விலை கேட்டது. 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் உள்ள டெனரிஃபே விமான நிலையம். ஓடுபாதையை மூடுபனி மறைத்திருந்தது. கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 புறப்பட ஓடத் தொடங்கியது. பான் ஏம் நிறுவனத்தின் இன்னொரு 747 அதே ஓடுபாதையில் எதிரே இருந்தது. காத்திருக்கும்படி கோபுரம் சொன்ன அதே வினாடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகப் பான் ஏம் விமானியும் சொன்னார். இரண்டு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கேஎல்எம் விமானி அறையில் அந்த முக்கியமான சொற்கள் கீச்சொலிக்குள் மறைந்தன. 583 பேர் மாண்டனர். விமானத்துறை வரலாற்றில் ஆக அதிக உயிர்களைப் பறித்த விபத்து அதுதான். புறப்பாட்டைக் குறிக்கும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை உண்மையில் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும், மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்ல வேண்டும் என்ற வழக்கம் அதன்பிறகு வந்தது. ஸ்கேனரில் கேட்கும் ஒவ்வொரு வறண்ட சொல்லுக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

கருவி எப்படி வேலை செய்கிறது?

கையடக்க ஸ்கேனர்களில் நூற்றுக்கணக்கான அலைவரிசைகளைப் பதிந்துவைக்கலாம். பரவலாக விற்கும் ஒரு யூனிடென் கருவியில் 500 இடங்கள் உண்டு. கருவி அவற்றை ஒரு வினாடிக்குப் பல என்ற வேகத்தில் தொட்டுத் தொட்டுப் போகும். பேச்சு கேட்டால் நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும்.

புதிதாக வாங்கியவர்கள் முதலில் திணறுவது ‘ஸ்குவெல்ச்’ என்ற திருகில்தான். யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடக்குவது அதன் வேலை. அளவுக்கு மேல் திருகினால் தூரத்து விமானத்தின் மெல்லிய குரலும் சேர்ந்து அடங்கிவிடும். இரைச்சல் நின்ற இடத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்துவதே அனுபவசாலிகளின் வழி. வானிலை அறிவிப்பு போல இடைவிடாமல் ஒலிக்கும் அலைவரிசைகளைப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கருவி அங்கேயே நின்றுவிடும்.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. கட்டடமோ குன்றோ குறுக்கே இருந்தால் கோபுரத்தின் குரல் நமக்குக் கேட்காது. அதே நேரத்தில் 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் 400 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் வந்து சேரலாம். அதனால் பல இடங்களில் உரையாடலின் ஒரு பாதிதான் காதில் விழும். விமானி சொல்லும் பதிலிலிருந்து கோபுரம் என்ன கேட்டிருக்கும் என்று ஊகிக்க வேண்டும். கண்காட்சித் திடலில் நிலைமை வேறு. விமானமும் கட்டுப்பாட்டாளரும் அருகிலேயே இருப்பதால் இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கும்.

போர் விமானங்கள் பறக்கும் இடத்தில் வெறும் இயர்ஃபோன் போதாது. இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் செவிக்குத்தான் கேடு. இயர்ஃபோனுக்கு மேல் காதுக் கவசம் அணிவதுதான் அங்கே வழக்கம்.

என்ன பேசிக்கொள்கிறார்கள்?

சாகசக் குழுவின் வானொலியில் வீர வசனம் எதுவும் இருக்காது. அமெரிக்கக் கடற்படையின் ‘புளூ ஏஞ்சல்ஸ்’ குழுவை எடுத்துக்கொள்வோம். இறக்கைகளுக்கிடையே சில நேரங்களில் 18 அங்குலம் மட்டுமே, அதாவது அரை மீட்டருக்கும் குறைவாக இடைவெளி விட்டுப் பறப்பவர்கள். தலைவர் ஒரு தாலாட்டுப் போலச் சொற்களை நீட்டி நீட்டிச் சொல்வார். மேலே போகிறோம், இன்னும் கொஞ்சம் இழுக்கிறோம் என்ற அளவுக்குச் சாதாரணச் சொற்கள். ஆனால் சொல்லின் நீளமும் தாளமும்தான் உண்மையான கட்டளை. எந்த அசையில் கைப்பிடியை இழுப்பது, எவ்வளவு மெதுவாக இழுப்பது என்பதை மற்ற விமானிகள் அந்தத் தாளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு பேரும் தரையில் நாற்காலியில் அமர்ந்து, கண்ணை மூடி, இதே குரலோடு ஒத்திகை பார்ப்பதும் உண்டு.

பிரிட்டனின் ‘ரெட் ஏரோஸ்’ குழுவில் பறப்பவர்கள் ஒன்பது பேர். ‘ரெட் 10’ என்று அழைக்கப்படும் பத்தாமவர் தரையில் வானொலியோடு நின்று பாதுகாப்பைக் கவனிப்பார். முன்னால் பறக்கும் ஐந்து விமானங்களுக்கு வானொலியில் ‘ஈனிட்’ என்று பெயர். ஐந்து நண்பர்களின் துப்பறியும் கதைகளை எழுதிய ஈனிட் பிளைட்டனின் பெயர்தான் அது. நம் வாசகர்களில் பலர் பள்ளி நூலகத்தில் அந்தக் கதைகளைப் படித்திருப்பார்கள்.

பிரெஞ்சுக் குழு தங்களுக்குள் பிரெஞ்சில் பேசும். இத்தாலியக் குழு இத்தாலிய மொழியில் பேசும். வெளிநாட்டுக் கோபுரத்தோடு பேசும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். மொழி தெரியாவிட்டாலும் சற்று நேரம் கேட்டால், எந்தச் சொல்லுக்குப் புகை விடுகிறார்கள், எந்தச் சொல்லுக்குப் பிரிகிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். புகைப்படக்காரர்களுக்கு ஸ்கேனர் பிடிப்பதற்கு இதுவே காரணம். எதிரெதிராக வரும் இரண்டு விமானங்கள் கடக்கும் கணம் எப்போது என்று காது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

பேசாமல் பறக்கும் பத்தாயிரம் விமானங்கள்

ஸ்கேனர் ரசிகர்களின் கனவு ஊர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஆஷ்காஷ். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதக் கடைசியில் ஒரு வாரம் அங்கே நடக்கும் கூடலுக்கு 10,000க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து சேர்கின்றன. பெரும்பாலானவை சொந்தக்காரர்களே ஓட்டிவரும் சிறு விமானங்கள். அந்த வாரத்தில் உலகின் ஆகப் பரபரப்பான கட்டுப்பாட்டுக் கோபுரம் அதுதான்.

இத்தனை பேரும் வாய் திறந்தால் அலைவரிசை ஒரே நிமிடத்தில் அடைத்துவிடும். எனவே அங்கே விதியைத் தலைகீழாக்கிவிட்டார்கள். வழக்கமாக, கோபுரம் சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். ஆஷ்காஷில் விமானி பேசக் கூடாது. ரிப்பன் என்ற சிற்றூரிலிருந்து ஃபிஸ்க் என்ற இன்னொரு சிற்றூர் வரை ரயில் தண்டவாளத்தைப் பின்பற்றி, 1,800 அடி உயரத்தில், 90 நாட் வேகத்தில், ஒருவர்பின் ஒருவராக வர வேண்டும். ஃபிஸ்க்கில் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தரையில் நின்று தொலைநோக்கியால் பார்த்து, நிறத்தையும் வகையையும் சொல்லி அழைப்பார்கள். கேட்ட விமானி இறக்கையை ஆட்டிக் காட்டினால் போதும், அதுதான் பதில். பிறகு ஓடுபாதையில் வண்ணம் பூசிய பெரிய புள்ளிகளில் எதில் இறங்க வேண்டும் என்று சொல்வார்கள். ஒரே ஓடுபாதையில் ஒருவர் முன்புள்ளியிலும் இன்னொருவர் பின்புள்ளியிலும் அடுத்தடுத்து இறங்குவார்கள்.

இந்த அலைவரிசையைக் கேட்பதற்காகவே முகாம் போட்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் ஏராளம். ஒரே குரல் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விமானமும் இறக்கையை ஆட்டும்போது அந்தக் குரலில் ஒரு சிறு பாராட்டும் சேர்ந்து வரும். குறைவாகப் பேசுவதும் பாதுகாப்புதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

குரலை மட்டும் நம்பினால்

வானொலியால் எதைச் செய்ய முடியாது என்பதையும் கண்காட்சிகளே காட்டியிருக்கின்றன. 2022 நவம்பர் 12ஆம் தேதி, அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களின் கண்காட்சி. பி-17 குண்டுவீச்சு விமானத்தின்மீது பி-63 போர் விமானம் மோதி, இரண்டிலும் இருந்த ஆறு பேரும் மாண்டனர். ஒரு திசையில் குண்டுவீச்சு விமானங்கள், இன்னொரு பக்கம் போர் விமானங்கள். யார் முன்னால், யார் எந்தக் கோட்டில் என்பதைக் கண்காட்சியின் வான் இயக்குநர் அப்போதைக்கப்போது வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார். யார் எந்த உயரத்தில் பறப்பது என்பது புறப்படும் முன் பேசி முடிவுசெய்யப்படவில்லை. முன்கூட்டியே போதிய பிரிப்புத் திட்டம் வகுக்காமல், உடனுக்குடன் தரும் வானொலிக் கட்டளைகளையும் விமானிகளின் கண்பார்வையையும் நம்பியதே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது.

அந்த உரையாடலின் எழுத்துப்படி விசாரணை ஆவணங்களில் இருக்கிறது. கட்டளை கொடுப்பவருக்கும் கேட்பவருக்கும் மனத்தில் ஒரே படம் இல்லாவிட்டால், எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் போதாது.

பிரிட்டனில் வேறொரு பாடம். அங்கே காட்சியை உடனே நிறுத்த, ‘ஸ்டாப்’ என்ற சொல்லை வானொலியில் மூன்று முறை சொல்வார்கள். அதைக் கேட்டதும் விமானி சாகசத்தை விட்டுவிட்டுப் பாதுகாப்பான உயரத்துக்குப் போக வேண்டும், விவாதம் கிடையாது. 2014இல் சவுத்போர்ட் கண்காட்சியில் ஒரு விமானியின் காட்சி இப்படி நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி ஷோரம் கண்காட்சியில் அதே விமானி ஓட்டிய ஹண்டர் ஜெட் சாலையில் விழுந்து, 11 பேர் மாண்டனர். முன்னர் நடந்த அந்த நிறுத்தத்தையும் விசாரணை அறிக்கை எடுத்துப் பேசியது. வானொலியில் ஒலித்த எச்சரிக்கை அந்தத் திடலோடு முடிந்துவிடக் கூடாது. எழுத்தில் பதிவாகி அடுத்த ஏற்பாட்டாளரிடம் போய்ச் சேர வேண்டும்.

நம் பக்கமும் அபாயம் இல்லாமல் இல்லை. 2015 மார்ச் 15ஆம் தேதி லங்காவியில் லீமாவுக்கான ஒத்திகையில் இந்தோனேசிய ‘ஜூப்பிட்டர்’ குழுவின் இரண்டு விமானங்கள் மோதின; நால்வரும் குதித்து உயிர் தப்பினர். 2018 பிப்ரவரி 6ஆம் தேதி சாங்கியில் தென்கொரிய ‘பிளாக் ஈகிள்ஸ்’ விமானம் புறப்படும்போது ஓடுபாதையிலிருந்து சறுக்கித் தீப்பிடித்தது. ஓடுபாதை மூடப்பட்டு, பயணிகள் விமானங்களும் தாமதமாயின. பயணிகள் விமானங்கள் இறங்கும் இடத்திலேயே சாகசமும் நடக்கும்போது, ஒவ்வொரு சொல்லும் கணக்கில் வருகிறது.

இங்கே வாங்கலாமா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். சிங்கப்பூரில் பதில் சுருக்கமானது: கூடாது. தடைசெய்யப்பட்ட தொலைத்தொடர்புக் கருவிகளின் பட்டியலில் ஸ்கேனர் வானொலிகளும் உள்ளன. வெளிநாட்டுக் கடையில் சட்டப்படி வாங்கினாலும், பயணப் பெட்டியில் போட்டுச் சாங்கிக்குக் கொண்டுவந்தால் சிக்கல் தொடங்கிவிடும். இணையக் கடை அனுப்பிவைக்கிறது என்பதால் அது அனுமதிக்கப்பட்ட பொருள் ஆகிவிடாது. ஐயமிருந்தால் வாங்குவதற்கு முன் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.

மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் இருக்கிறது. உரிய அதிகாரமின்றிப் பிறரின் தகவல்தொடர்பை இடைமறிப்பது அதன் 234ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். கோலாலம்பூர்க் கடையில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதைக் கேட்பதற்கான அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்ற நாடுகளின் அணுகுமுறை வேறுபடுகிறது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம், விமானத்துறைப் பேச்சைக் கேட்பதற்கு வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. பிரிட்டனில் கருவியை வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் தமக்கென்று அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். கண்காட்சிகளில் பலர் வெளிப்படையாகவே கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஜப்பானின் வானொலிச் சட்டம் கேட்பதைத் தடுப்பதில்லை. கேட்டதை வெளியே சொல்வதையும், தன் லாபத்துக்குப் பயன்படுத்துவதையும் தடுக்கிறது.

எனக்கு இந்த ஜப்பானிய அணுகுமுறை நியாயமாகப் படுகிறது. காட்சி நன்றாகப் போகும்போது வானொலியைக் கேட்பதில் யாருக்கும் நட்டமில்லை. விபத்து நடந்தால் அதே கருவியில் ஒரு மனிதரின் கடைசிச் சொற்கள் வந்துவிழலாம். அவருடைய குடும்பத்தார் அதே கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கலாம். கையில் கைத்தொலைபேசி உள்ள காலத்தில், கேட்டதைப் பதிவுசெய்து புலனத்தில் அனுப்ப ஒரு நிமிடம் போதும். ஸ்கேனர் அனுமதிக்கப்பட்ட நாட்டில் அதைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இதை முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்கேனர் இல்லாமலே இந்த ஆர்வத்தை வளர்க்க இங்கே வழி உண்டு. சாகசக் குழுக்கள் பல, விமானி அறையில் எடுத்த காணொளிகளை ஒலியோடு தாங்களே வெளியிடுகின்றன. கண்காட்சிக்குப் போவதற்கு முதல் நாள் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டுப் போனால், மறுநாள் வானத்தில் நடப்பது இன்னும் நன்றாகப் புரியும். வானொலித் தொழில்நுட்பத்தில் நாட்டம் உள்ளவர்கள் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதற்கென நீண்டகாலச் சங்கங்கள் இருக்கின்றன. இந்த உரிமம் விமானப் பேச்சைக் கேட்பதற்கல்ல. உலகெங்கும் உள்ள மற்ற அமெச்சூர்களோடு முறைப்படி பேசுவதற்கு.

பிள்ளைகளுக்கு உண்மையிலேயே வானத்தில் ஆசை இருந்தால் சிலேத்தாரில் இயங்கும் சிங்கப்பூர் இளையர் விமானப் பயிற்சி மன்றத்தைப் பற்றி விசாரியுங்கள். 1971இல் தொடங்கப்பட்ட மன்றம் அது. அங்கே பயிற்சிக்குத் தேர்வாகும் பிள்ளை கோபுரத்தின் குரலைக் கேட்பதோடு, அதற்குப் பதில் சொல்லவும் கற்றுக்கொள்ளும்.